விரைவும் தாமதமும்: இலங்கையின் வழக்குச் சீர்திருத்தங்களும் சிறுவணிகரும்

வழக்குச் சீர்திருத்தம் பற்றி எமது நாட்டில் எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை தாமதம் என்ற ஒரே சொல்லைச் சுற்றியே அமைந்துள்ளன. வழக்குகள் நீள்கின்றன, தவணைமேல் தவணை விழுகின்றது, ஆகவே நடைமுறையைச் சுருக்கவேண்டும் என்பதே வாதம். உலக வங்கி 2020ஆம் ஆண்டுக்கென வெளியிட்ட 'வணிகம் செய்தல்' அறிக்கை, கொழும்பில் ஓர் ஒப்பந்தத்தை நீதிமன்ற மூலம் நிறைவேற்றுவிக்க 1,318 நாட்கள் செல்லும் என மதிப்பிட்டது. (வேறு சில நாடுகளின் தரவுகளில் முறைகேடு கண்டறியப்பட்டதையடுத்து அவ்வறிக்கைத் தொடரே 2021இற் கைவிடப்பட்டது என்பதையும் உடன் கூறவேண்டும்.) இத்தகைய எண்கள் ஒரு நாட்டின் நீதித்துறைக்கு ஒரே கடிகாரம் இருப்பது போன்ற மயக்கத்தைத் தோற்றுவிக்கின்றன. உண்மையில் இங்கு பல கடிகாரங்கள் உள. வங்கிக்கு ஒன்று, மொத்த வியாபாரிக்கு ஒன்று, சந்தியிலே பலசரக்குக் கடை வைத்திருப்பவனுக்கு இன்னொன்று. சீர்திருத்தம் எனப்படுவது எந்தக் கடிகாரத்தை, எந்த ஆண்டில், யார்பொருட்டு விரைவுபடுத்தியது என்பதையே நாம் இக்கட்டுரையில் நோக்க விரும்புகின்றோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். எமது பேச்சுவழக்கில் கடை வைத்திருப்பவர் எவரும் 'முதலாளி'தான். பத்துப் பரப்புக் காணியை ஈடு வைத்துச் சாமான் போட்டவரும் முதலாளி. பல கம்பனிகளின் பணிப்பாளர் சபைகளில் வீற்றிருப்பவரும் முதலாளி. எமது முற்போக்குப் படைப்புகள் பலவும் இச்சொல்லின் இருபொருட் தன்மையை ஆராயாமலே ஏற்றுக்கொண்டன. கடைக்காரனைக் கண்டவிடத்து மூலதனத்தையே கண்டுவிட்டதாக எண்ணின. லெனாட் வுல்ஃப் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றிய அனுபவத்திலிருந்து எழுதி 1913இல் வெளியிட்ட 'காட்டிலே ஒரு கிராமம்' என்ற நாவலிலும், கிராமத்தவருக்குக் கடன் கொடுக்கும் வணிகனே தலைமைக்காரனோடு சேர்ந்து நீதிமன்றத்தைத் தன் கருவியாக்கிக் கொள்கின்றான். விளங்காத மொழியில் நடைபெறும் விசாரணையின் முன் ஏழைக் கமக்காரன் திகைத்து நிற்கின்றான். அக்காட்சி அக்காலத்துக்குப் பொய்யானதன்று. ஆயின் அது பாதி உண்மையே. கமக்காரனுக்குக் கடன் கொடுத்தவன் தானும் ஒருவனுக்குக் கடன்பட்டவன். சிறுவணிகனின் வர்க்க நிலையைத் தீர்மானிப்பது அவன் கையிலுள்ள பணத்தின் அளவைவிட, கடன் சங்கிலியில் அவன் நிற்கும் இடமேயாகும். கீழே வாடிக்கையாளரிடம் வரவேண்டிய கடன். பக்கத்தே புறக்கோட்டை மொத்த வியாபாரிக்குக் கொடுத்த பின்திகதியிட்ட காசோலை. மேலே வங்கியிடம் ஈடு வைத்த காணியும் வீடும். மூன்று திசைகளிலும் அவன் சட்டத்தைச் சந்திக்கின்றான். ஆனால் மூன்றிலும் சந்திப்பது ஒரே சட்டத்தையன்று.

கீழ்த்திசையிலிருந்து தொடங்குவோம். வழக்குகளுக்குக் காலவரையறை விதிக்கும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கடன்களை அவற்றின் உருவத்துக்கேற்ப வகைப்படுத்துகின்றது. ஈட்டுக் கடனுக்கு வழக்கிட 10 ஆண்டுகள். எழுத்துமூல ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டுகள். எழுதப்படாத ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டுகள். விற்றுக் கொடுத்த பொருளுக்கும், கடைக் கணக்குக்கும், பேரேட்டுக் கடனுக்கும் ஒரே ஓர் ஆண்டு. அதே பிரிவிலேயே கைவினைஞர், தொழிலாளர், வேலையாட்கள் ஆகியோரின் கூலிக்கும் ஓர் ஆண்டுதான். விக்டோரியா காலத்துக் குடியேற்ற ஆட்சியின் சட்டவாக்குநர், நிலத்திற் பதிந்த கடனுக்கு நெடிய நினைவையும், கடைக் கொப்பியிற் பதிந்த கடனுக்குக் குறுகிய நினைவையும் வழங்கினர் எனலாம். சாட்சியம் விரைவில் மறைந்துவிடும் என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். அது முற்றாகப் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் விளைவு யாது? யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் கடன் கொப்பியில் எழுதும் கடன் பெரும்பாலும் ஒரு போகத்துக்கானது. வெங்காயமோ புகையிலையோ விற்றபின் தருவதாகச் சொல்லப்பட்டது. ஒரு போகம் பிழைத்தால் அடுத்த போகம் வரை பொறுப்பதே ஊர் வழக்கம். அவ்வாறு பொறுத்தவர் சட்டத்தின் கண்ணில் உரிமையைத் தவறவிட்டவராகின்றார். ஊர் ஒழுங்கின்படி நற்பண்பாகக் கருதப்படுவது சட்ட ஒழுங்கின்படி கவனயீனமாகின்றது.

இரண்டாவது தடை, நீதிமன்ற வாசலுக்கு முன்னே வைக்கப்பட்ட சபைகளாகும். 1958ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் இணக்க சபைகள் அமைக்கப்பட்டன. அவற்றின் சான்றிதழ் இன்றி அப்பிரதேசத்துப் பிணக்குகள் பல நீதிமன்றம் செல்ல இயலாதிருந்தது. மக்களுக்கு அண்மையில் நீதி என்ற கோட்பாடு வரவேற்கத்தக்கதே. ஆயின் உறுப்பினர் நியமனத்தில் கட்சி அரசியல் புகுந்தது என்ற குற்றச்சாட்டு அவற்றைத் தொடர்ந்தது. 1970களின் இறுதியில் அவை இல்லாதொழிந்தன. 1973இலும் 1975இலும் இயற்றப்பட்ட நீதி நிருவாகச் சட்டங்கள் 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை உட்படப் பழைய அமைப்பையே மாற்ற முனைந்தன. 1977இல் ஆட்சி மாறியபின் அவை கைவிடப்பட்டுப் பழைய கோவை மீண்டது. அம்முயற்சியின் குறைநிறைகள் தனிக் கட்டுரைக்குரியன. எமக்கு இங்கு வேண்டியது 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டமாகும். தொடக்கத்தில் 25,000 ரூபாவுக்கு மேற்படாத குடியியற் பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்கே செல்லவேண்டும் என அது விதித்தது. இத்தொகை 2011இல் இரண்டரை இலட்சமாகவும் 2016இல் ஐந்து இலட்சமாகவும் உயர்த்தப்பட்டது. சபையிற் சட்டத்தரணிகளுக்கு இடமில்லை, செலவு சொற்பம், உறுப்பினர் தொண்டர்கள். அயலவரிடையே எழும் எல்லைச் சண்டைக்கும் வாய்த்தர்க்கத்துக்கும் இதனைவிடச் சிறந்த ஏற்பாடு எளிதிற் கிட்டாது. போர்க்காலத்தில் வடக்கின் பெரும்பகுதியில் இவை இயங்காதிருந்தமையால் எமது மக்கள் அடைந்த இழப்பும் சிறிதன்று. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மத்தியஸ்தம் இணக்கத்தையே தரும்; கட்டாயப்படுத்தாது. சிறுவணிகன் தனக்கு வரவேண்டிய 80,000 ரூபாவுக்காக அங்கு சென்றால், மாதம் 2,000 வீதம் பெற இணங்கி வருவான். அல்லது இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழோடு நீதிமன்ற வாசலுக்கு வருவான். அங்கே பொதுக்கடிகாரம் அவனுக்காகக் காத்திருக்கும்.

இனி மேல்திசை. 1990ஆம் ஆண்டின் முற்பகுதியில் கடன் மீட்புத் தொடர்பான பல சட்டங்கள் ஒருங்கே நிறைவேற்றப்பட்டன. 1977இன் பின் திறந்துவிடப்பட்ட பொருளாதாரத்தில் வங்கிக்கடன் பெருகியது. கடன் பெருக அறவிடும் பொறியும் விரைவாதல் வேண்டும் என்ற தேவை எழுந்தது. அவற்றுள் இரண்டு சிறுவணிகரை நேரே தாக்குவன.

ஒன்று 2ஆம் இலக்கக் கடன் மீட்பு (விசேட ஏற்பாடுகள்) சட்டம். சாதாரண வழக்கில் வழக்காளி தன் கோரிக்கையை நிரூபிக்கவேண்டும். எதிராளி மறுமொழி கொடுத்து வழக்காடலாம். இச்சட்டத்தின்கீழ், கடன் வழங்கும் நிறுவனம் சத்தியக்கடதாசியையும் ஆவணங்களையும் சமர்ப்பித்ததும் நீதிமன்றம் முதற்றீர்ப்பாணையை வழங்கிவிடுகின்றது. கடனாளி தோன்றி எதிர்வாதம் செய்வதற்கே அனுமதி கேட்கவேண்டும். கோரப்பட்ட தொகையை வைப்பிலிட்டோ, போதிய பிணை கொடுத்தோ, விசாரிக்கப்படவேண்டிய வினா ஒன்று உண்டென நீதிமன்றைத் திருப்திப்படுத்தியோதான் அவ்வனுமதியைப் பெறலாம். பணம் இல்லாமையாலேயே வழக்குக்கு இலக்கானவன், பேசுவதற்கு உரிமை பெறப் பணத்தோடு வரவேண்டும் என்பதில் உள்ள முரணை விளக்க வேண்டியதில்லை. அச்சட்டத்தின் 25ஆம் பிரிவு, கணக்கிற் பணமில்லை என அறிந்தே காசோலை எழுதுவதைக் குற்றமாக்கியது. இதுவே நாம் முன்னர் கூறிய பக்கத்திசை. பின்திகதியிட்ட காசோலை உள்நாட்டு வியாபாரத்தில் பணம் அன்று, அது வாக்குறுதி. எழுதும் நாளிற் பணமில்லை என்பதை எழுதுபவரும் அறிவர், வாங்குபவரும் அறிவர். எனினும் அது திரும்பியதும் குடியியற் கடன் குற்றவியற் சாயல் பெறுகின்றது. மொத்த வியாபாரி வழக்கிடவேண்டியதில்லை. பொலிசுக்குப் போவேன் என்று சொன்னாலே போதும். கடைக்காரருக்குத் தம் வாடிக்கையாளர்மீது இவ்வாயுதம் இல்லை. அவருக்குக் காசோலை தருவார் யார்?

மற்றது 4ஆம் இலக்க வங்கிகளினாற் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம். பத்திரிகைகள் 'பராட்டே சட்டம்' என்று கூறுவது இதனையே. பராட்டே என்பது உரோமன் டச்சுச் சட்ட மரபிலிருந்து வந்த சொல். தீர்ப்பின்றி உடனே நிறைவேற்றத்தக்கது என்பது கருத்து. அரச கடன் நிறுவனங்கள் சில இவ்வதிகாரத்தை முன்னரே பெற்றிருந்தன. 1990இல் அது தனியார் வங்கிகளுக்கும் விரிந்தது. நடைமுறை எளிது. தவணை தவறியதும் வங்கியின் பணிப்பாளர் சபை ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்பதெனத் தீர்மானம் நிறைவேற்றுகின்றது. அத்தீர்மானம் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழி நாளிதழ்களிலும் வெளியிடப்படுகின்றது. கடனாளிக்குப் பிரதி அனுப்பப்படுகின்றது. குறித்த திகதியில் ஏலம் நடக்கின்றது. சபை வழங்கும் விற்பனைச் சான்றிதழோடு சொத்து கைமாறுகின்றது. கடன் கொடுத்தவர், கணக்குப் பார்த்தவர், தீர்ப்பளித்தவர், விற்றவர் எல்லாம் ஒருவரே. வாங்க எவரும் முன்வராவிடில் வாங்குபவரும் அவரே ஆகலாம். இதில் நீதிமன்றத்துக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. குடியிருப்பவரை வெளியேற்றி வாங்கியவருக்கு உடைமையை ஒப்படைக்கும் கட்டளைக்காக மாவட்ட நீதிமன்றம் இறுதியில் அழைக்கப்படுகின்றது. கடனாளி முன்னரே நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் தானே வழக்காளியாகி, தானே செலவேற்று, தடையுத்தரவு கேட்டு நிற்கவேண்டும். நிரூபிக்கும் சுமை இவ்வாறு தோள் மாறுகின்றது.

இதற்கு முன்னைய ஈட்டு வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது உண்மை. அந்நீட்சியை வெறும் சீர்கேடாக மட்டும் பார்ப்பது வங்கியின் கண்ணாற் பார்ப்பதாகும். விலை வீழ்ந்த ஆண்டைத் தாண்டவும், வெளிநாடு சென்ற மகன் பணம் அனுப்பவும், காணியின் ஒரு துண்டை நல்ல விலைக்கு விற்கவும் அத்தாமதம் கடனாளிக்கு இடமளித்தது. எழுதப்படாத, வட்டி குறைந்த ஒரு தவணைக்கடனாகவே தாமதம் தொழிற்பட்டது. அத்துடன், 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் வழங்கற் கட்டளைச் சட்டம், நியாயமற்ற கடன் கொடுக்கல் வாங்கல்களை மீளத்திறந்து பார்க்கும் அதிகாரத்தை நீதிபதிக்கு வழங்கியிருந்தது. நீதிபதியின் முன் வராத கணக்கை எந்த நீதிபதியும் மீளத்திறக்க முடியாது என்பது மனங்கொள்ளத்தக்கது. வட்டிக்கு வட்டி எவ்வாறு ஏறியது, தண்டவட்டி எந்த நாளிலிருந்து போடப்பட்டது, கடன் மறுசீரமைப்பு என்ற பெயரில் பழைய வட்டி எப்போது முதலாக மாறியது ஆகிய வினாக்கள் யாவும் இப்போது வங்கியின் கணக்குப் பிரிவுக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிகின்றன.

நீதிமன்றங்கள் முழுதும் வாளாவிருந்தன என்று கூறுவதற்கில்லை. கடனாளியல்லாத மூன்றாமவர் ஈடு வைத்த சொத்தின்மீது இவ்வதிகாரம் செல்லாது என 2006இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. மாமனாரின் வீட்டையோ சகோதரியின் சீதனக் காணியையோ ஈடு வைத்துத் தொழில் தொடங்குவது வழமையாக உள்ள சமூகத்தில் இத்தீர்ப்பின் பெறுமதி பெரிது. ஆயின் அடுத்த ஆண்டிலேயே, கம்பனி பெற்ற கடனுக்கு அதன் பணிப்பாளர் தம் சொத்தை ஈடு வைத்தவிடத்து அவரை மூன்றாமவராகக் கொள்ளமுடியாது எனக் கம்பனி என்ற திரையை விலக்கிப் பார்த்தது அதே நீதிமன்றம். கம்பனி வேறு, அதை நடத்துபவர் வேறு என்பது 1897இல் ஆங்கில நாட்டுச் சப்பாத்து வணிகர் ஒருவரின் வழக்கில் பிரபுக்கள் சபை நிலைநாட்டிய கோட்பாடு. அக்கோட்பாட்டின் நிழலில் பெரும் மூலதனம் ஒரு நூற்றாண்டாக இளைப்பாறி வந்துள்ளது. பெருங்கம்பனியின் பணிப்பாளரிடம் தம் குடியிருக்கும் வீட்டை ஈடு வைக்குமாறு எந்த வங்கியும் கேட்பதில்லை. ஆகவே திரை விலகுவது நடைமுறையிற் கணவனும் மனைவியும் பணிப்பாளராக உள்ள சிறு கம்பனிக்கே. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களைப் பராட்டேயிலிருந்து விலக்கியது. மிகச் சிறியோருக்கு இது ஆறுதலே. ஆனால் ரூபாவின் பெறுமதி 2022இல் வீழ்ந்தபின் 50 இலட்சம் எவ்வளவு சிறிய தொழிலின் கடன் என்பதை அரைக்கும் ஆலையோ அச்சகமோ வைத்திருப்பவர் எவரும் அறிவர்.

ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் சீர்திருத்தத்தின் முன்னுரிமை தெளிவாகும். 1990இல் வங்கிகள் நீதிமன்றத்துக்கு வெளியே வழி பெற்றன. 1996ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் கொழும்பில் வர்த்தக மேல் நீதிமன்றம் அமைந்தது. தொடக்கத்தில் 30 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வர்த்தகக் கோரிக்கைகளே அதன்முன் செல்லத்தக்கவை. பெருங்கம்பனிகள் தமக்கெனத் தனி மன்றம் பெற்றன. சிறு கோரிக்கைகளுக்கான நீதிமன்றங்களின் நடைமுறைச் சட்டம் இயற்றப்பட்டதோ 2022இல். வங்கிக்கும் கடைக்காரருக்கும் இடையே 32 ஆண்டுகள்.

அதே 2022ஆம் ஆண்டு இன்னொரு வகையிலும் நோக்கத்தக்கது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களாலும் பெருந்தொற்றுக் கால முடக்கங்களாலும் சிறுதொழில்கள் ஏற்கெனவே தவணை நிவாரணங்களில் தங்கியிருந்தன. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. துணைநில் கடன் வசதி வீதம் 14.5 சதவீதமாயிற்று. ஏப்ரல் 12ஆம் திகதி அரசு தன் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்துவதாக அறிவித்தது. நான்கு நாள் இடைவெளியில் நடந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். கடன் கட்டமுடியாத அரசுக்குச் சட்ட ஆலோசகர்கள், நிதி ஆலோசகர்கள், கடன் கொடுத்தோருடன் மேசையைச் சுற்றிய பேச்சுவார்த்தை, 2024 டிசம்பரில் முறிகளின் பரிமாற்றம். அதே அரசின் வட்டி உயர்வால் தவணை இருமடங்கை நோக்கி ஏறக்கண்ட கடனாளிக்கு நாளிதழில் ஏல அறிவித்தல். வீழ்ச்சிக்கான காரணம் தம் நிருவாகத் தவறன்று, வெளியிலிருந்து வந்த அதிர்ச்சி என்று வாதிடுவதற்கு அரசுக்கு மேசை ஒன்று இருந்தது, சிறுவணிகருக்கு இருக்கவில்லை.

அவர்களது எதிர்ப்பின் விளைவாகவே 2024இல் திருத்தச் சட்டமொன்று பராட்டே அதிகாரத்தை அவ்வாண்டு டிசம்பர் 15ஆம் திகதி வரை இடைநிறுத்தியது. பின்னர் அது 2025 மார்ச் 31ஆம் திகதி வரை நீடிக்கப்பட்டது. வங்கிகள் தரப்பில் வைக்கப்பட்ட வாதத்தை நேர்மையாகக் கூறவேண்டும். வங்கியின் பணம் வைப்பாளரின் பணம். அறவிடும் வழி அடைபட்டால் வங்கிகள் ஈடு போதாத சிறியோருக்குக் கடனே கொடா. ஆகவே இடைநிறுத்தம் சிறுவணிகரையே ஈற்றில் வருத்தும் என்பது அது. இதன் இறுதிப் பகுதியில் உண்மை உண்டு. வேண்டுமென்றே கட்டாதவர்கள் சிலர் சிறுவணிகரின் பெயரால் ஒளிந்துகொண்டனர் என்பதையும் மறுக்கவேண்டியதில்லை. ஆயின் இவ்வாதம் தெரிவை இரண்டாகச் சுருக்குகின்றது: விசாரணையற்ற ஏலம், அல்லது முடிவற்ற வழக்கு. குறுகிய காலவரையறைக்குள் கணக்கை மட்டும் பரிசீலித்து, கட்டமுடியாமையையும் கட்டவிரும்பாமையையும் பிரித்தறியும் ஒரு நீதிமன்றப் படிநிலையைத் தீர்மானத்துக்கு முன்னே வைப்பது நடைமுறைக்கு ஒவ்வாததன்று. வங்கிக்காக நடைமுறையைச் சுருக்கத் தெரிந்த சட்டவாக்குநருக்கு இதுவும் தெரியாததல்ல.

மாக்ஸ் 1850இல் எழுதிப் பின்னர் 'பிரான்சில் வர்க்கப் போராட்டங்கள்' என நூலாகிய கட்டுரைகளில் இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று ஆராயப்படுகின்றது. 1848 யூனில் பாரிசுத் தொழிலாளரின் எழுச்சியை நசுக்குவதிற் கடைக்காரர்கள் சொத்துரிமையின் பெயரால் முன்னணியில் நின்றனர். அது முடிந்ததும் அவர்களின் வாடகை நிலுவைகளும் முதிர்ந்த உண்டியல்களும் அவர்களை நோக்கித் திரும்பின. புரட்சிக்கால நெருக்கடியால் முறிந்த வணிகருக்குக் கடன் கொடுத்தோருடன் இணக்கம் செய்ய வாய்ப்பளிக்கும் பிரேரணை ஓகஸ்டில் தேசிய சபையில் தோற்கடிக்கப்பட்டது. எச்சொத்துரிமையைக் காத்தார்களோ அதுவே கடன்காரரின் சொத்துரிமையாக அவர்களின் கடைவாசலில் வந்து நின்றது. மாக்ஸ் இதனை எள்ளலோடு எழுதினாலும், அதன் அடியில் உள்ள வினா எள்ளலன்று: நடுவே நிற்கும் இவ்வர்க்கம் தன் துயரத்தின் மூலத்தை மேலே தேடுமா, கீழே தேடுமா?

எமது நாட்டில் இவ்வினாவுக்கு விடை இன்னும் தெளிவாகவில்லை. இடைநிறுத்தத்தைச் சுற்றி எழுந்த கோரிக்கைகளில் முதன்மை பெற்றது காலநீடிப்பே. விசாரணை பெறும் உரிமை அன்று. கடைக் கணக்குக்கு ஓராண்டு என்ற 1871ஆம் ஆண்டு ஏற்பாடு பற்றி ஏறத்தாழ எவரும் பேசவில்லை. பேசுவதிற் சங்கடமும் உண்டு. அதே பிரிவின் அதே வாக்கியத்திற்றான் கடையில் மூட்டை இறக்குபவரின் கூலியும் இருக்கின்றது. தொழிற் சட்டங்கள் கூலிக்கு வேறு வழிகள் சிலவற்றைத் திறந்துள்ளனவாயினும், குடியியல் வழக்கைப் பொறுத்தமட்டில் கடைக்காரர் தம் ஓராண்டை நீட்டும்படி கேட்டால், தம்மிடம் வேலை செய்பவரின் ஓராண்டையும் சேர்த்தே நீட்டும்படி கேட்டவராவார்.